மீட்டாத காந்தாரம்

மின்கிதாரின் ஆறு தந்திகளில் மிகத் தடித்ததை விரல் வைக்காமல் மீட்டினால் அது நொடிக்கு 82 முறை அதிரும். அடுத்த தந்தியில் இரண்டாவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டினால் 123 முறைக்குச் சற்று மேல். இரண்டையும் ஒருசேர மீட்டுங்கள். முதலாவதை சட்ஜம் என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது பஞ்சமம். வேறு சுரம் எதுவும் இல்லை.

இப்போது அதே இரண்டு சுரங்களை ஒரு டிஸ்டார்ஷன் பெடலுக்குள் அனுப்பி, ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகுங்கள். அறை அதிர்கிறது. கவனித்துக் கேட்டால், சட்ஜத்துக்கும் ஒரு ஸ்தாயி கீழே யாரும் மீட்டாத ஓர் ஆழ்ந்த ஒலி முழங்குகிறது. மேலே, யாரும் விரல் வைக்காத ஒரு காந்தாரம் மெல்லத் தலைகாட்டுகிறது. ஹெவி மெட்டல் என்ற இசைவகை இந்த விந்தையின் மீதுதான் கட்டப்பட்டது. பவர் கார்டு என்று இசைக்காரர்கள் சொல்வது இந்த ச-ப இணையைத்தான்.

இந்த விந்தையை வங்காளி மொழியோடு சேர்த்துப் பார்த்தவர்களில் முன்னோடிகள், டாக்காவின் வார்ஃபேஸ் இசைக்குழுவினர். அவர்களுடைய கதையைப் படிக்கும்போது, இசை வரலாற்றுக்கு நடுவே ஓர் இயற்பியல் பாடமும் மொழியியல் பாடமும் சேர்ந்தே கிடைக்கின்றன.

எலிஃபண்ட் ரோடு, 1984

வார்ஃபேஸ் தொடங்கியது 1984இல். வங்கதேசம் பிறந்து பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. விடுதலைப் போரில் துப்பாக்கி ஏந்திய அசம் கான், போர் முடிந்ததும் கிதாரோடு மேடையேறி, வங்காளியில் பாப், ராக் பாடல்களைப் பாடி ஒரு தலைமுறையையே தன் பக்கம் இழுத்திருந்தார். சோல்ஸ், மைல்ஸ், ஃபீட்பேக் என்று குழுக்கள் வளர்ந்துகொண்டிருந்தன. அந்த மண்ணில்தான் இப்ராஹிம் அகமது கமலும் நண்பர்களும் வார்ஃபேஸைத் தொடங்கினார்கள்.

அவர்கள் விரும்பிய இசை இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தது. அன்று டாக்காவில் அது கிடைத்த வழி, கேசட். எலிஃபண்ட் ரோட்டின் கடைகளில் வெளிநாட்டு இசைத்தட்டுகளிலிருந்து நாடாவில் பதிந்து தருவார்கள். ஒருவர் வாங்கிய கேசட்டை நண்பர் நகலெடுப்பார். அதிலிருந்து இன்னொருவர் எடுப்பார். ஒவ்வொரு நகலிலும் நாடாவின் இரைச்சல் கொஞ்சம் கூடும். நுட்பமான, மெல்லிய ஒலிகள் அந்த இரைச்சலில் மூழ்கும். ஆனால் டிஸ்டார்ஷன் கிதார் மூழ்காது. ஏன் என்பதற்கு அதன் உள்ளே பார்க்க வேண்டும்.

தலை வெட்டப்பட்ட அலை

மின்கிதாரின் தந்திகளுக்கு அடியில் காந்தங்களும், அவற்றைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்று மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கின்றன. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. கம்பியில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே கண்ட அதே தூண்டல் விதி. பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான அந்தச் சமிக்ஞையைப் பெருக்கித்தான் ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறோம்.

பெருக்கும் கருவிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டி அலை எழும்பினால், அதன் உச்சி கத்தரித்ததுபோல் தட்டையாகிவிடும். பெடலுக்குள் இந்த வேலையை வேண்டுமென்றே செய்கிறார்கள். பல பெடல்களில் எதிரெதிர் திசையில் பார்த்தபடி இரண்டு சிலிக்கான் டையோடுகள் இருக்கும். சுமார் 0.6 வோல்ட்டுக்கு மேல் அலை ஏறினால் ஒன்று திறந்துகொண்டு மிச்சத்தை வழித்துவிடும். கீழ்ப்பக்கம் இறங்கினால் மற்றது. மலை முகடுபோல் வந்த அலை, மொட்டைமாடிபோல் வெளியே போகிறது.

இப்படி வெட்டியதால் இரண்டு விளைவுகள். ஒன்று, பலமாக மீட்டினாலும் மென்மையாக மீட்டினாலும் வெளியே வரும் அலையின் உயரம் கிட்டத்தட்ட ஒன்றே. தந்தியின் அதிர்வு அடங்கிக்கொண்டே வரும்போதும் ஒலி நீண்ட நேரம் அதே பலத்தோடு நிற்கும். கிதார் ஒரு தட்டொலிக் கருவியின் குணத்தை விட்டு, வில்லால் இழைக்கும் கருவிபோல் நீண்டு பாடத் தொடங்குவது இதனால்தான். இதற்குள்ளேதான் கேசட் கேள்விக்கும் விடை இருக்கிறது. மெல்லிய பகுதி என்று ஒன்றே பெரும்பாலும் இல்லாததால், நாடாவின் இரைச்சலால் அதை விழுங்க முடியவில்லை. நகலின் நகலிலும் அந்த இசை உயிரோடு டாக்காவின் வீடுகளுக்குள் நுழைந்தது.

இரண்டாவது விளைவுதான் பெரியது. வளைவான அலையில் கூர்மையான முனைகள் தோன்றினால், அதற்குள் புதிய அதிர்வெண்கள் பிறந்துவிட்டன என்று பொருள். 82 ஹெர்ட்ஸில் அதிரும் ஒலியோடு அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என மேற்சுரங்கள் வரிசையாக எழும். இரண்டு சுரங்கள் சேர்ந்து உள்ளே போனால் இன்னும் வியப்பு: அவை ஒன்றோடொன்று கலந்து, கூட்டியும் கழித்தும் புதுச் சுரங்களை ஈன்றெடுக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சட்ஜம் 82.4, பஞ்சமம் அதன் ஒன்றரை மடங்கு, 123.6. கழித்தால் 41.2. இதுதான் ஒரு ஸ்தாயி கீழே முழங்கும், யாரும் மீட்டாத ஒலி. கூட்டினால் 206. இது 41.2இன் சரியான ஐந்து மடங்கு. கர்நாடக இசையில் இந்த இடத்துக்குப் பெயர் அந்தர காந்தாரம். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று எல்லாம் 41.2இன் மடங்குகளாகவே வந்து விழுகின்றன. மீட்டியவை இரண்டு, ஒலிப்பது ஒரு குடும்பம்.

இதே கிதாரில் சட்ஜத்தோடு காந்தாரத்தையே நேராக மீட்டி டிஸ்டார்ஷனுக்குள் அனுப்பினால் என்ன ஆகும்? 82.4, 103 இரண்டின் கழித்தல் 20.6. காதின் கேட்கும் எல்லையிலேயே தள்ளாடும் ஒலி அது. கூட்டல்களும் கழித்தல்களும் நெருக்கியடித்துக்கொண்டு, ஒலி கலங்கிச் சேறாகிவிடும். மெட்டல் கிதார்க்காரர்கள் கார்டிலிருந்து காந்தாரத்தை விலக்கியதற்கு இதுவே முக்கியக் காரணம். வாசித்தால் கலங்கும் காந்தாரம், வாசிக்காமல் விட்டால் தானே தெளிவாக வருகிறது.

சின்ன டேப் ரெக்கார்டரில் இதெல்லாம் கேட்குமா என்று ஒரு சந்தேகம் வரலாம். உள்ளங்கை அளவு ஒலிபெருக்கியால் 82 ஹெர்ட்ஸை ஒழுங்காக எழுப்பவே முடியாது. 41க்கு வழியே இல்லை. அங்கே மூளை உதவிக்கு வருகிறது. மேற்சுரங்கள் 41இன் மடங்குகளாக ஒழுங்காக வந்தால், அடியில் இருக்க வேண்டிய மூல ஒலியை மூளையே ஊகித்து நமக்குக் கேட்க வைக்கிறது. தொலைபேசி கீழ்ச்சுரங்களைக் கடத்தாதபோதும் அப்பாவின் கனத்த குரல் கனமாகவே நமக்குக் கேட்பதும் இதனால்தான். டிஸ்டார்ஷன் மேற்சுரங்களை அள்ளி வழங்குவதால், மலிவான ரெக்கார்டரிலும் மெட்டலின் கனம் குறைவதில்லை. அந்தக் கனத்தில் பாதியை உண்டாக்குவது கேட்பவரின் மூளை.

வங்காளியின் முறை

தொடக்க ஆண்டுகளில் வார்ஃபேஸ் மேடைகளில் வாசித்தது பெரும்பாலும் ஆங்கிலக் குழுக்களின் பாடல்களை. அன்று டாக்காவில் ஹார்ட் ராக் வாசித்தவர்களின் வழக்கம் அது. பிறகு ஆட்கள் மாறினார்கள். டிரம்ஸில் ஷேக் மோனிருல் ஆலம் டிப்பு, பேஸ் கிதாரில் பாப்னா கரீம், கீபோர்டில் ரசல் அலி, பாட சஞ்சய் என்று கமலைச் சுற்றி ஒரு உறுதியான கூட்டணி அமைந்தது. 1990 டிசம்பர் 6ஆம் தேதி, மக்கள் எழுச்சிக்குப் பணிந்து வங்கதேச அதிபர் ஜெனரல் எர்ஷாத் பதவி விலகினார். அடுத்த ஆண்டு, 1991இல், சர்கம் நிறுவனம் வார்ஃபேஸின் முதல் கேசட்டை வெளியிட்டது. பாடல்கள் வங்காளியில் இருந்தன. அதற்கு அடுத்த ஆண்டு ராக்ஸ்ட்ராட்டா என்ற இன்னொரு டாக்கா குழுவும் தன் தொகுப்போடு வந்தது.

1952இல் தாய்மொழிக்காக மாணவர்கள் உயிர்கொடுத்த நகரம் டாக்கா. அங்கே ஓர் இளைஞர் கூட்டம் தன் சத்தமான, கோபமான, காதலான இசையைத் தாய்மொழியில் பாட முடிவுசெய்தது சாதாரணச் செய்தி அல்ல. ஆனால் முடிவு செய்துவிட்டால் மட்டும் போதாது. மொழி இசைய வேண்டும்.

மெட்டல் இசையின் தாளக்கட்டு ஆங்கிலத்தின் மேல் வளர்ந்தது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் ஓர் அசையில் அழுத்தம் பலமாக விழும். மற்ற அசைகள் சுருங்கி ஓடும். வங்காளியில் அழுத்தம் சொல்லின் முதலில் லேசாக விழும். மற்ற அசைகளும் தம் இடத்தை விட்டுக்கொடுப்பதில்லை. ஆங்கிலப் பாடலின் மெட்டில் வங்காளிச் சொற்களை அப்படியே உட்கார வைத்தால் பொருந்தாது.

இழப்பை ஈடுகட்ட வங்காளியிடம் வேறு இரண்டு செல்வங்கள் இருந்தன. ஒன்று, அதன் உயிரொலிகள். நமக்குக் 'கல்' வேறு, 'கால்' வேறு. குறிலை நெடிலாக்கினால் பொருள் மாறிவிடும். வங்காளியில் எழுத்தில் குறிலும் நெடிலும் உண்டு. பேச்சில் அந்த வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. பகல் என்று பொருள்படும் 'தின்', ஏழை என்று பொருள்படும் 'தீன்' இரண்டையும் எழுதுவது வேறு மாதிரி. சொல்லும்போது ஒரே மாதிரி. ஆகவே வங்காளிப் பாடகர் எந்த உயிரொலியையும் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம், சொல் சிதையாது. கிதாரின் நீண்டு நிற்கும் ஒலியோடு குரலும் நீண்டு நிற்க வேண்டிய இசைக்கு, இதைவிட வசதி என்ன வேண்டும்?

இரண்டாவது செல்வம், மூச்சொலிகள். காதலைக் குறிக்கும் வங்காளிச் சொல்லின் முதலெழுத்து, ப என்று உதட்டில் தொடங்கி, ஒரு மூச்சை வெளியே தள்ளி வெடிக்கும். அந்த மூச்சு வெடிப்பு ஒவ்வொன்றும் டிரம்மின் தட்டுக்குத் துணையாக நிற்கக்கூடியது.

மெட்டல் பாடகர்கள் ஏன் அவ்வளவு உச்சத்தில் பாடுகிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. நம் செவிக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அந்த நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிரும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது அந்தப் பகுதியில்தான். தேர்ந்த குரல் உச்சத்தில் பாடும்போது அதன் மேற்சுரங்கள் அந்த இடத்தில் குவியும். கிதார்களின் சுவரை ஓட்டை போட்டுக்கொண்டு சஞ்சயின் குரல் நம் காதுக்கு வந்து சேர்ந்த வழி அது.

குரலில் கரகரப்பு ஏறினால் இன்னொரு கதவு திறக்கும். மனித அலறல்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, அலறலை மற்ற ஒலிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது நொடிக்கு 30 முதல் 150 முறை வரை நிகழும் பலத்தின் ஏற்ற இறக்கமே என்று காட்டியது. இந்தக் கரடுமுரடு, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவைத் தட்டி எழுப்புகிறது. சற்றுமுன் நாம் கண்ட 41 ஹெர்ட்ஸ் அதிர்வும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. மெட்டலைக் கேட்டு முதலில் உடல் சிலிர்ப்பது வெறும் மனப்பிரமை அல்ல.

பௌபஜாரில் ஒரு தம்புரா

"இது நம் மண்ணின் ஒலி அல்ல, இரைச்சல்" என்ற குற்றச்சாட்டை மின்கிதார்க்காரர்கள் எல்லா ஊரிலும் கேட்டிருக்கிறார்கள். அதற்கு விடை தேட நாம் பிரிவினைக்கு முந்தைய வங்காளத்துக்குப் போக வேண்டும். அங்கே நம்மை வரவேற்பவர், திருச்சியில் பிறந்த ஒரு தமிழர்.

சி.வி. ராமன் 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போனார். வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் கழிந்தது. ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெறுவதற்கு நெடுநாள் முன்பே அவரை இழுத்தது இசைக்கருவிகளின் இயற்பியல். 1921இல் தம்புராவையும் வீணையையும் பற்றி அவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார்.

தந்திக்கருவிகளுக்கு அன்று மேற்கத்திய நூல்கள் சொன்ன விதி இது: தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்க வேண்டிய மேற்சுரங்கள் பிறக்கக் கூடாது. தந்தியைச் சரியாக நடுவில் மீட்டினால், நடுப்புள்ளியில் அசையாத இரண்டாம் மேற்சுரம் கேட்கக் கூடாது. சாதாரணக் கருவிகளில் அப்படித்தான் நடக்கிறது. தம்புராவில் ராமன் சோதித்தபோது, கேட்கக் கூடாத மேற்சுரங்கள் பலமாகக் கேட்டன. விதி அங்கே செல்லவில்லை.

காரணம், தந்தியைத் தாங்கும் குதிரையில் இருக்கிறது. வயலினில் தந்தி ஒரு கூர்மையான விளிம்பில் உட்கார்ந்திருக்கும். தம்புராவின் குதிரை அகலமானது. மேற்பரப்பு மெல்ல வளைந்து சரிகிறது. அந்தப் பரப்புக்கும் தந்திக்கும் நடுவே ஒரு துண்டு நூலைச் செருகுவார்கள். ஜீவாளி என்பது அதன் பெயர். நூலை மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே தந்தியை மீட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் ஒலி மொட்டையாக, உயிரற்றுக் கேட்கும். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால், சட்டென்று தந்தி பூத்து, தேனீக்கூட்டம்போல் ரீங்கரிக்கும். தந்தி ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் குதிரையின் பரப்பை உரசித் தட்டிவிட்டுப் போகிறது. தடையில்லாமல் அசைய வேண்டிய அலை, ஒவ்வொரு அசைவிலும் ஒரு தடையில் முட்டுகிறது. அந்த முட்டலில் மேற்சுரங்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. இந்துஸ்தானி இசையில் இதற்கு ஜவாரி என்று பெயர்.

பெடலுக்குள் டையோடு அலையின் தலையை வெட்டுகிறது. தம்புராவில் குதிரை அலையின் அடியைத் தடுக்கிறது. நடக்கும் முறை வேறு, அடிப்படை ஒன்றே. இரண்டிலும் அலை சுதந்திரமாக அசைய முடியாமல் ஒரு வரம்பில் மோதுகிறது, மோதியதால் செழிக்கிறது. நன்கு சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் ஒலிக்கும் என்பது பாடுகிறவர்களுக்குத் தெரியும். மந்தரத் தந்தியின் ஐந்தாம் மேற்சுரம் அது. அதைச் சுயம்பு என்றே அழைத்தார்கள். பவர் கார்டில் 206 ஹெர்ட்ஸில் எழுந்ததும் அந்தச் சுயம்பு காந்தாரமே.

டாக்காவுக்கும் இந்த உறவில் ஒரு பங்கு உண்டு. 1924இல் டாக்கா பல்கலைக்கழகத்திலிருந்து ஐன்ஸ்டீனுக்குக் கட்டுரை அனுப்பிய இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸ், எஸ்ராஜ் வாசிப்பவர். வில் படும் தந்திகளுக்குப் பக்கத்தில், யாரும் தொடாமலே கூட அதிரும் பரிவுத் தந்திகள் வரிசையாக இருக்கும் கருவி எஸ்ராஜ். வாசிக்காத சுரங்கள் வந்து சூழ்வதை வங்காளத்தின் காது தலைமுறை தலைமுறையாக ரசித்து வந்திருக்கிறது. மின்கிதார் கடல்கடந்து வந்தது உண்மை. அதன் ரீங்காரத்தை வரவேற்க ஒரு பழைய காது அங்கே ஏற்கெனவே காத்திருந்தது.

நாற்பது ஆண்டுகள்

1994இல் வார்ஃபேஸின் இரண்டாம் தொகுப்பு வந்தது. பெயர் 'ஒபாக் பாலோபாஷா'. இரண்டாம் சொல் காதல். முதற்சொல்லுக்கு வேர் 'அவாக்': வாக்கு இல்லாத, பேச்சற்ற நிலை. வியப்பில் வாயடைத்துப்போவது என்ற பொருளில் வங்காளிகள் அன்றாடம் புழங்கும் சொல் அது. தலைப்புப் பாடலைப் பாடியது பேஸ் கிதார்க்காரர் பாப்னா. சீறும் குழு ஒன்று இப்படி நிதானமாகவும் நெகிழ முடியும் என்று காட்டிய பாடல். வங்கதேசத்தில் அது தலைமுறை கடந்து நின்றுவிட்டது.

பிறகு 'ஜீபோன்தாரா', 'ஒஷாமாஜிக்', 'ஆலோ', 2003இல் 'மொஹாராஜ்', 2012இல் 'ஷொத்தோ' என்று தொகுப்புகள் தொடர்ந்தன. பாப்னா, ரசல், சஞ்சய் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராக விலகினார்கள். மிஜான், பாலம், பலாஷ் நூர் எனப் பாடகர்கள் வந்தார்கள். கமலும் டிப்புவும் குழுவைத் தாங்கினார்கள். இதற்குள் அடுத்த தலைமுறை எழுந்துவிட்டது. 1999இல் தொடங்கிய ஆர்ட்செல் குழு, 2006இல் பதினாறு நிமிடம் தாண்டும் 'ஒனிகேத் பிராந்தொர்' பாடலைத் தந்தது. அதை முதலிலிருந்து கடைசி வரை கூட்டமாகச் சேர்ந்து பாடும் ரசிகர்கள் டாக்காவில் இருக்கிறார்கள். இந்த மொழியில் இந்த இசை பொருந்துமா என்ற கேள்வி அந்தக் கூட்டத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

2024இல், குழு தொடங்கி நாற்பதாவது ஆண்டில், கோக் ஸ்டுடியோ பாங்ளா நிகழ்ச்சியில் 'ஒபாக் பாலோபாஷா' மீண்டும் ஒலித்தது. முப்பது ஆண்டுக்கு முன் பாடிய பாப்னாவும், இன்றைய பாடகர் பலாஷும் சேர்ந்து பாடினார்கள். முதல் கேசட் வெளியானபோது பிறந்திராதவர்கள் அதைக் கைப்பேசியில் கேட்டார்கள்.

அந்தக் கைப்பேசியின் ஒலிபெருக்கி நகத்தளவுதான் இருக்கும். கீழ்ச்சுரங்களை எழுப்ப அதற்குச் சக்தி இல்லை. ஆனாலும் கேட்பவருக்குக் கனம் குறைவதில்லை. இல்லாத மூல ஒலியை மூளை வரவழைத்துக்கொள்கிறது. கிதார் தானே ஈன்ற காந்தாரத்தைக் காது எடுத்துக்கொள்கிறது. அடுத்த முறை ஒரு மெட்டல் பாடல் எங்கிருந்தாவது காதில் விழுந்தால், இரைச்சல் என்று ஒதுக்கும் முன் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். முட்டி மோதும் அந்த அலைகளின் நடுவே, தம்புராவுக்கு முன்னால் கண்மூடி உட்கார்ந்தவர்கள் கேட்ட அதே சுயம்பு சுரம் இருக்கிறது. யாரும் அதை மீட்டவில்லை. கேட்கத் தெரிந்த காதுக்காக அது தானே வந்து நிற்கிறது.